மேல் மலைக்கு மழை கேட்டவர்

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் இரண்டு டிவிஷன்கள். கீழ் டிவிஷன் முழுக்க றப்பர், மேல் டிவிஷன் தேயிலை. இரண்டுக்கும் நடுவில், பாதை வளையும் இடத்தில், தகரக் கூரை போட்ட ஜெப அறை ஒன்று இருக்கிறது. றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் இடது பக்கப் பெஞ்சுகளிலும் கொழுந்து எடுக்கிறவர்கள் வலது பக்கப் பெஞ்சுகளிலும் உட்காருவார்கள். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. வேலைக்குச் சேர்ந்து போகிறவர்கள் ஜெபத்துக்கும் சேர்ந்து வருகிறார்கள், அவ்வளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு அவிசாவளையிலிருந்து பாஸ்டர் பஸ்ஸில் வருவார். அவர் சிங்களத்தில் பேசுவதை நான் தமிழில் சொல்வேன். சனிக்கிழமை மாலை ஜெபத்தை இப்போது நடத்துகிறவர் விஜயகலா அக்கா.

அக்கா 1993இல் வேலுசாமி அண்ணனைக் கட்டிக்கொண்டு தெஹியோவிட்டப் பக்கமிருந்து கீழ் டிவிஷனுக்கு வந்தார். கோயில் குளம் என்று வளர்ந்த பிள்ளை. ஜெப அறைக்கு முதலில் கூட்டிப்போனவர் புருஷனின் அக்கா தனபாக்கியம். மேல் டிவிஷனில் கொழுந்து எடுப்பவர். அந்தக் குடும்பத்தில் முதலில் விசுவாசத்துக்கு வந்தவரும் அவர்தான்.

"சும்மா வந்து உக்காரு. புடிக்கலன்னா பாதியில எந்திரிச்சுப் போ. ஒருத்தரும் காலப் புடிச்சு இழுக்கமாட்டாங்க" என்று சொல்லித்தான் கூட்டிப்போனாராம்.

அக்கா பாதியில் எழுந்து போகவில்லை. கொஞ்ச காலத்தில் ஞானஸ்நானம் எடுத்தார். பெயரை மாற்றிக்கொள்ளச் சிலர் சொன்னபோது, "ஆண்டவருக்கு என்னைய விஜயகலான்னுதான் தெரியும். மாத்துனா தேடுவாரு" என்றார். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆரம்பத்தில் அவருக்கு வாய்விட்டு ஜெபம் பண்ணக் கூச்சம். தனபாக்கியம்தான் வழி காட்டினார். "கணக்கப்பிள்ளகிட்ட வேல கேக்குறல்ல? அதே மாதிரி கேளு. இவரு கணக்கப்பிள்ளயவிட நல்லவரு."

அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேட்டார். குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகினால் கேட்டார். வேலுசாமி அண்ணன் குடிப்பதை விடவேண்டும் என்று பல மாதம் கேட்டார். அண்ணன் விட்டார். விட்டதற்குக் காரணம் தன் வயிற்றுவலிதான் என்று அவர் இன்றைக்கும் சொல்வார். அக்கா சிரித்துக்கொண்டே, "அந்த வயித்துவலிய யாரு கேட்டு வாங்கினதுன்னு நெனக்கிறீங்க?" என்பார்.

இதற்கு மேல் போக, எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலை பதியப்படுவதைப் 'பேர்' என்போம். விடிகாலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லை என்றால் பேர் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. தேயிலைக்கு அப்படியே மறுபக்கம். மழை இல்லாமல் காய்ந்தால் கொழுந்து துளிர்க்காது, பாதிப் பேர்கூடத் தேறாது. ஒரே தோட்டம், ஒரே வானம்.

2000ஆம் ஆண்டு மே மாதம் மழை விடாமல் அடித்தது. கீழ் டிவிஷன்காரர்கள், காலையில் கணக்கப்பிள்ளை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, வானத்தைப் பார்த்து, வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை ஜெபத்தில் அக்கா எழுந்து, "ஆண்டவரே, பால் எடுத்து முடியிற வரைக்கும் மழையப் புடிச்சு வைங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்" என்றார். அடுத்த வாரம் முழுக்க காலையில் மழை இல்லை. மத்தியானத்துக்குப் பிறகுதான் கொட்டியது.

அதோடு அக்காவின் பெயர் பரவிவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்களும் வந்து, "கலா, எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லு" என்று நிற்பார்கள். யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் குடை விற்கும் தாஸிம் நானாகூட வேலுசாமி அண்ணனைப் பார்த்து, "தம்பி, உங்க பொஞ்சாதிய கொஞ்சம் அடக்கி வைங்க, எங்க யாவாரம் படுத்துருச்சு" என்றாராம். அக்கா இதையெல்லாம் பெருமையாக வெளியில் காட்டவில்லை. ஆனால் உள்ளுக்குள், தான் விசுவாசத்தில் நன்றாக வளர்ந்துவிட்டதாக நம்பினார். கேட்டது கிடைக்கிறதே, வேறு என்ன வேண்டும்?

அடுத்த ஆண்டு ஆரம்பத்திலேயே மழை நின்றது. றப்பர் மரங்கள் இலை உதிர்த்து, மறுபடி துளிர்த்து, வெட்டுத் தொடங்கிய பிறகும் வானம் வெளுத்தே கிடந்தது. கீழே பால் கொஞ்சம் குறைந்தாலும் ஒரு நாள் தவறாமல் பேர் விழுந்தது. மேலே தேயிலை கருகியது. மேல் லயத்தில் ஊற்று நீர் வந்து விழும் பீலியில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகி, பிறகு சொட்டாகி, நின்றேவிட்டது. பெண்கள் குடத்தோடு கீழே இறங்கி வரத் தொடங்கினார்கள்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை. அக்கா முதலில் எழுந்து, ஒரு காலையும் வெட்டு நிற்காமல் காத்ததற்கு நன்றி சொன்னார். இடது பக்கம் முழுக்க "ஆமென்" என்றது. பிறகு வலது பக்கத்திலிருந்து தனபாக்கியம் எழுந்தார். "ஆண்டவரே, எங்க மலைய பாருங்க. மழையக் குடுங்க" என்று முடித்தார்.

ஒருவர் ஜெபம் பண்ணி முடித்தால் எல்லோரும் ஆமென் சொல்வது வழக்கம். அன்று வலது பக்கம் சொன்னது. இடது பக்கம் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது, எல்லோரும் விஜயகலா அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயை இறுக்க மூடியிருந்தார்.

"ஏன் புள்ள, ஆமென் சொல்ல வாய் வரலியா?" என்றார் தனபாக்கியம்.

"பொய்யா சொல்லச் சொல்றீங்களா மதினி? மழ பெஞ்சா எங்களுக்குப் பேரு இல்ல."

"பெய்யாட்டி எங்களுக்கு இல்லியே!"

"அதுக்கு நான் என்ன செய்ய? நீங்க உங்களுக்குக் கேளுங்க, நாங்க எங்களுக்குக் கேக்குறோம். யாருக்குக் குடுக்கணும்னு அவருக்குத் தெரியும்."

அடுத்த சனிக்கிழமை வலது பக்கப் பெஞ்சுகள் காலியாக இருந்தன. மேல் டிவிஷன்காரர்கள் தங்கள் லயத்திலேயே கூடி ஜெபம் பண்ணுகிறார்கள் என்று செய்தி வந்தது. பாஸ்டர் வந்த ஞாயிறும் அவர்கள் இறங்கி வரவில்லை. பாஸ்டர் அந்தப் பெஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இப்படியே போனால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகத்தான் கூட்டம் வைக்கவேண்டி வரும், அடுத்த மாதம் வந்து முடிவு சொல்கிறேன் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். முப்பது வருஷமாக ஒன்றாக இருந்த சபை அது.

மதினியைப் பேசிக் கூட்டிவந்துவிடலாம் என்று அக்கா அன்று பின்னேரமே மேலே ஏறினார். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. போகிற வழியில் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டதாக என்னிடம் சொன்னார்.

தனபாக்கியம் வாசலில் உட்கார்ந்திருந்தார். தம்பி மனைவியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் உள்ளே போய், குடத்தின் அடியில் கிடந்த தண்ணீரைச் சரித்து ஊற்றி, ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டு வந்து வைத்தார்.

"குடி. மல ஏறி வந்திருக்க."

"மதினி, கோவத்த விட்டுட்டு வாங்க. நான் என்ன தப்பாக் கேட்டேன்?"

"நீ எங்க தப்பாக் கேட்ட? நல்லா கேக்கத் தெரிஞ்சவ நீ. உன் பேரு, உன் மரம், உன் பாலு. எப்பவாச்சும் ஒரு நாளு எங்க மலைக்காக ஒரு வார்த்த கேட்டிருக்கியா?"

அக்கா யோசித்தார். பிள்ளையின் காய்ச்சல், கூரை, புருஷனின் குடி, மழை என்று ஒவ்வொன்றாக நினைவில் வந்தது. எல்லாம் தன் வீட்டு வாசலுக்குள்ளேயே முடிந்தன. அந்தக் கோபத்தில், "நீங்கதானே எனக்குக் கேக்கச் சொல்லிக் குடுத்தீங்க!" என்றார்.

"ஆமா, நாந்தான் சொல்லிக் குடுத்தேன். நடக்கப் பழக்குன புள்ள வாசலுக்குள்ளயே சுத்தும்னு யாருக்குத் தெரியும்?"

அக்கா டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டார். அந்தக் கோப்பைதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. அந்த வீட்டில் மிச்சமிருந்த தண்ணீர் அது. தன்னோடு சண்டை போட்டுக்கொண்டே அதை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த வாரம் ஜெபம் பண்ண உட்கார்ந்தால் பழைய வார்த்தைகள் வரவில்லை. 'எனக்கு' என்று தொடங்கினால் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார். அது ஆண்டவர் தன்னைக் கைவிட்டதால் அல்ல, அடுத்த வகுப்புக்கு ஏற்றுகிறார் என்பது தனக்குச் சீக்கிரமே புரிந்தது என்று அக்கா சொல்வார்.

மூன்றாம் நாள் காலை, பெரட்டுக் களத்தில் எல்லோரும் நிற்கும்போது கிழக்கே கருமேகம் திரண்டது. பல வாரத்துக்குப் பிறகு வந்த முதல் மேகம். கீழ் டிவிஷன்காரர்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, சீக்கிரம் ஆண்டவருக்கு ஒரு போனப் போடுங்க" என்றான் ஸ்ரீதரன். அக்காவின் மரங்களுக்குப் பக்கத்துப் பகுதியில் பால் வெட்டுகிறவன்.

அக்கா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆண்டவரே, மேல் மலைக்கு மழையக் குடுங்க. எங்க வெட்டு நின்னாலும் பரவால்ல. ஆமென்."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அக்கா, ஒங்களுக்கு என்ன பைத்தியமா? எங்க பேரு போயிருமே!"

"எனக்கும் மரம் அதே மலையிலதான் இருக்கு ஸ்ரீதரா. எனக்கும்தான் பேரு போகும்."

"ஒங்களுக்குப் போனா போகட்டும், எங்களுக்கும் சேத்து ஏன் கேக்குறீங்க?"

"சரிடா, நீ ஒனக்குக் கேட்டுக்க. நான் தடுக்கல."

வேலுசாமி அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "எங்க அக்காவுக்காகக் கேட்டியா?" என்றார்.

"ஒங்க அக்காவுக்கு மட்டும் இல்ல" என்றார் அக்கா.

மழை வரவில்லை. எட்டு மணிக்கெல்லாம் மேகம் கலைந்து வெயில் அடித்தது. பால் வழக்கம்போல இறங்கியது, பேரும் விழுந்தது. ஸ்ரீதரன் பால் நிறுக்கும் இடத்தில், "மழையும் வரல, அக்கா பவரும் போச்சு!" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். ஒரு வருஷமாகத் தோட்டம் முழுக்க இருந்த பெயர் ஒரு காலையில் போய்விட்டது. அதைத் திரும்பப் பிடிக்க அவர் ஒரு முயற்சியும் செய்யவில்லை. மறுநாளும் அதையே கேட்டார். வேலை முடிந்ததும் கீழ் டிவிஷன் பீலியில் குடத்தை நிரப்பிக்கொண்டு மேலே ஏறினார். அடுத்த நாள் இன்னும் இரண்டு பெண்கள் குடத்தோடு பின்னால் போனார்கள்.

பெரட்டில் நடந்தது அதற்குள் மேலே எட்டியிருந்தது. தனபாக்கியம் குடத்தை வாங்கி வைத்துவிட்டு, "கணக்கப்பிள்ளைக்கு முன்னாலயே கேட்டியாமே?" என்றார்.

"கேட்டேன். குடுக்கல."

"குடுப்பாரு. நீ கேட்டல்ல, அது போதும் எனக்கு."

சனிக்கிழமை அவர்கள் இறங்கி வந்தார்கள். ஒரு சொட்டு மழை இல்லை, பாதையில் செம்மண் புழுதி. தனபாக்கியம் வலது பக்கம் போகாமல் நேரே இடது பக்கம் வந்து, "தள்ளி உக்காருங்க" என்றார். தள்ளி உட்கார்ந்தார்கள். அக்கா மேல் மலைக்காக ஜெபம் பண்ணினார். அவர் முடித்ததும் தனபாக்கியம் எழுந்தார்.

"ஆண்டவரே, கீழ உள்ள புள்ளைங்களுக்கு வெட்டு நிக்கக் கூடாது. அவங்க கை தளரக் கூடாது" என்றவர், தொடர்ந்து, "எப்பிடி ரெண்டையும் செய்வீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. அது ஒங்க வேல" என்றார்.

அடுத்த மாதம் பாஸ்டர் வந்தபோது முடிவு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே பைபிளைத் திறந்தார். மழை அதற்கும் பிறகுதான் வந்தது, ஒரு விடிகாலையில், கீழ் டிவிஷனின் அன்றைய வெட்டை நிறுத்திக்கொண்டு. அது யார் ஜெபத்துக்கு வந்த மழை என்று எங்கள் அறையில் ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் சபையில் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களின் வேலைக்கும், மேலே உள்ளவர்கள் கீழே உள்ளவர்களின் வேலைக்கும் ஜெபம் பண்ணுவார்கள். தன் மலைக்குத் தானே கேட்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். "அப்ப எங்களுக்கு யாரு கேப்பா?" என்பார்கள்.

விஜயகலா அக்கா அடுத்த பக்கத்துப் பெஞ்சைக் கை காட்டி, "அவங்க கேப்பாங்க. நீ அவங்களுக்குக் கேளு" என்பார்.