மாரியக்காவைத் தனியாகப் பேட்டி எடுத்த கதை

குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்த பிறகும் தொழிலாளிக்குச் சங்கம் தேவைப்படுகிறதா என்பதுதான் என் ஆய்வு.

இன்று மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் மாரியக்காவைப் பேட்டி எடுக்கப் போனேன். ஒருவரைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது பேராசிரியரின் கண்டிப்பான விதி.

நான் முதல் கேள்வியைக் கேட்பதற்குள் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் அந்த லைனில் பாதிப் பேர் அக்கா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அக்காகிட்ட தனியா பேசணுமே," என்று இழுத்தேன்.

"தனியா சொன்னா, மாரிதான் சொன்னிச்சுன்னு மேனேஜர் காதுக்குப் போகும். எல்லாரும் இருந்தா லைனே சொன்ன மாதிரி லா," என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

பிறகு தங்களுக்குள் குசுகுசுவென்று பேசி முடித்து எனக்கு நிபந்தனை சொன்னார்கள்.

"நாங்க வாயத் தொறக்க மாட்டோம். ஆனா எந்திரிச்சுப் போகவும் மாட்டோம். நீயும் பசியாறாம போகக்கூடாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தோசை வந்தது.

"சங்கம் இன்னும் வேணுமாக்கா?"

"இன்னுமா இதைக் கேக்குற?" என்று அக்கா சிரித்தார்.

விதிப்படி இந்தப் பேட்டி செல்லாது. நாளை பேராசிரியரிடம் விளக்க வேண்டும். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

யாரெல்லாம் கூட வருகிறீர்கள்?