சாந்துக்குள் நின்ற மரம்

பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் நாங்கள் கடைக்கு எடுத்த வீட்டின் நடுச்சுவரை உடைக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது, என் கணவர் சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. தையற்கடை போட எண்ணியிருந்தோம். கீழ்த்தளத்தில் இரண்டு சிறிய அறைகள். ஒன்றாக்கினால்தான் வெட்டும் மேசை கொள்ளும்.

“இது வெறும் சாந்துச் சுவர். பின்னேரத்துக்குள்ளை விழுத்திப் போடலாம். நீர் அங்காலை நில்லும்,” என்றார்.

நான் நகரவில்லை. யாழ்ப்பாணத்தில் கட்டடப் படம் வரையப் படித்து, இரண்டு வருடம் அந்த வேலையே பார்த்தவள் நான். பாரிஸில் அதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சுவரைப் பார்க்கும் கண் எங்கே போகும்? விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பொத்தென்றது, ஒரு முழம் தள்ளி டொக்கென்று இறுகி ஒலித்தது. சாந்தில் ஒரு வெடிப்பு, கோல் வைத்துக் கீறியது போல, மேல்மூலையிலிருந்து சாய்வாக இறங்கியிருந்தது.

“இஞ்சருங்கோ, இதுக்குள்ளை மரம் நிக்குது. மேல்வீட்டை இதுதான் தாங்குது.”

“மரமோ? பாரிஸிலையோ?”

உளியை எடுத்து வெடிப்பின் ஓரமாகச் சாந்தைப் பெயர்த்தேன். அதன்கீழ் மெல்லிய மரச்சலாகைகள். அதற்கும் கீழே கறுத்த ஓக் மரம், என் தொடையளவு பருமன். சாய்ந்த கட்டை தூணில் வந்து சேரும் இடத்தில் ஓர் இரும்பாணிகூட இல்லை. மர முளை அடித்திருந்தார்கள். மூட்டின் இருபுறமும் உளியால் வெட்டிய மூன்று கோடுகள். தச்சர்கள் தங்கள் பட்டறையில் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து, இலக்கமிட்டுக் கழற்றி, இங்கே கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். இது மூன்று என்றால் ஒன்றும் இரண்டும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.

கணவர் சம்மட்டியை நிலத்தில் வைத்தார்.

தூசி பறந்ததும் மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரி, எழுபது வயது மதாம், ஏசுவதற்காகவே இறங்கி வந்தார். மரத்தைக் கண்டதும் ஏசுவதை விட்டுக் கிட்டப் போனார். அந்தப் பகுதி பாரிஸோடு சேராமல் தனிக் கிராமமாக இருந்த காலத்து வீடு அது என்று அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளே நின்ற மரத்தை அன்றுதான் பார்க்கிறார். தடவிப் பார்த்துவிட்டு, “இதை உடைக்க விடமாட்டேன்” என்றார்.

“உடைக்க மாட்டோம், மதாம். திறந்து விடுவோம்,” என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

மூன்று நாள் அளந்து படம் வரைந்தேன். தூண்களும் சாய்வுக் கட்டைகளும் அப்படியே நிற்க, இடையில் அடைத்திருந்த கல்லும் சாந்தும் மட்டும் வெளியேற வேண்டும். மதாம் அழைத்து வந்த கட்டடக் கலைஞர் படத்தைச் சன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். ஓரிடத்தைத்தான் திருத்தினார்: வேலை முடியும்வரை உத்தரத்துக்குக் கீழே கட்டைகள் நிறுத்தி முண்டு கொடுக்க வேண்டும். நான் மறந்துபோன விஷயம் அது. ஒப்புக்கொண்டேன்.

“யார் வரைந்தது?” என்று கேட்டார்.

என் கணவர் முந்திக்கொண்டார், அதுவும் தமிழில். “என்ரை மனுசி!”

தூண்களுக்கு நடுவே வெட்டும் மேசையைப் போட்டோம். புறநகரான சார்செலிலிருந்து சட்டை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். அடுத்த மாதம் அந்தக் கட்டடக் கலைஞர் வேறொரு பழைய வீட்டை அளக்க ஆள் தேடி வந்தார். ஓம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் கடையைக் கணவர் பார்த்துக்கொண்டார்.