மஹ்மூதின் காருக்கு அடியில் இருந்தது

மஹ்மூத் எனக்கு நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். கார் வாங்கக் கொடுத்த பணம். சித்தி றலியா என்ற என் தங்கையைக் கட்டியவன் என்பதால் கொடுத்தேன். அவன் முகத்துக்காக என்றால் ஒரு சதமும் கொடுத்திருக்க மாட்டேன்.

நானூறு ரூபாய் எனக்கு எப்படிச் சேர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கண்டி ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினேன். இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்தேன். இப்போது கட்டுக்கலையில் எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது, வாடகைக்கு இரண்டு கார் ஓடுகிறது. எவனும் தூக்கிவிடவில்லை. கார் என்றால் அதன் ஒவ்வோர் ஆணியும் எனக்குத் தெரியும். படித்தவர்களே வந்து கேட்டுப் போகிறார்கள்.

மஹ்மூத் கெட்டவனில்லை, அதுதான் தொல்லை. கெட்டவன் என்றால் ஓர் அறை விட்டுவிட்டுப் போகலாம். இவனோ துருக்கித் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாகச் சிரித்துக்கொண்டு வந்து நிற்பான். சவர்க்கார வியாபாரம் செய்தான், கரைந்தது. வளையல் வியாபாரம் செய்தான், உடைந்தது. பிறகு கார். மடக்குக் கன்வாஸ் கூரை போட்ட பழைய கார். ஆள் ஏற்ற வேண்டும் என்றால் விடியற்காலையில் ரயிலடியில் நிற்க வேண்டும். இவன் விடிந்த பிறகுதான் புரண்டு படுப்பான். ஆகவே ஆள் கிடைக்கவில்லை, கருவாடு கிடைத்தது. ரயிலில் வரும் கருவாட்டு மூட்டைகளை ஹந்தானை மலைக் கடைகளுக்கு ஏற்றினான். மழையில் மூட்டை நனையும். உப்புத் தண்ணீர் கால் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். இரண்டு வருஷம் இறங்கியது.

அதற்காக அவன் காரைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் தேங்காயெண்ணெய் தொட்டு முன்மூடியைத் துடைப்பான். வியாழன் மாலையில் உள்ளே சாம்பிராணி போடுவான். நாற்றம் போய்விடும், உப்பு போகுமா?

முப்பத்திநாலாம் ஆண்டில் என் கடைக்குப் பக்கத்துக் காணி விலைக்கு வந்தது. மாத முடிவுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் வேறொருவன் கைக்குப் போய்விடும். மஹ்மூதின் கழுத்தைப் பிடித்தேன். காரை விற்கிறேன் என்றான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி அழகையா ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டிருக்கிறாராம், அடுத்த கிழமை பார்க்க வருவாராம். நான் அன்றே அவன் வீட்டுக்குப் போனேன். சாக்கை விரித்து, காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எழும்பியபோது என் தலைமயிரெல்லாம் துரு.

"மஹ்மூத், இந்தக் காருக்கு அடி எண்டு ஒண்டு ஈக்கிறது ஒனக்குத் தெரியுமா?"

"அடிய யாரு மச்சான் பாக்கப் போற? கங்காணி என்ன, காருக்குக் கீழ படுத்தா போகப் போறாரு?"

சமையலறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. அண்ணனை எங்களில் நானா என்பார்கள். "அவர் எப்பவும் அப்படித்தான் நானா. உச்சந்தலைக்கு எண்ணெ, காலப் பாத்தா வெடிப்பு."

அவன் ஒரு டின் தார் வேறு வாங்கி வைத்திருந்தான். "இதப் பூசினா முடிஞ்சிது. கறுப்புல கறுப்பு, ஒண்டும் தெரியாது."

"உப்புக்கு மேல தாரா? உள்ளுக்குள்ளயே இரும்பு உக்கிக் கொட்டுமேடா! ஒரு மாசத்துல கங்காணிட கால் ரோட்டுல இழுபடும். பொறகு அவர் ஒன்னத் தேட மாட்டாரு, என்னத்தான் தேடி வருவாரு."

சட்டையைக் கழற்றினேன். கால் பலகைகளைத் தூக்கினேன். தங்கை பானை பானையாக வெந்நீர் வைத்தாள். முதலில் உப்பைக் கழுவி எடுக்க வேண்டும், அதற்கு முன் எதைப் பூசினாலும் வீண். சக்கரங்களுக்கு மேலே மட்கார்டின் உட்புறத்தில் ஹந்தானை மண் அடையாக ஒட்டியிருந்தது. தட்டினால் தட்டுத் தட்டாக விழுந்தது. கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தன. குடைக் கம்பியால் குத்தினேன். ஒன்றிலிருந்து முழு நெத்தலி வெளியே வந்தது. தலை கூடப் போகவில்லை. இதையெல்லாம் நான் செய்துகொண்டிருக்க, காரின் சொந்தக்காரன் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வெயில் காய்ந்த நேரத்தில் கம்பி பிரஷ் போட்டு, லாம்பெண்ணெயால் துடைத்து, எமரிக் கடதாசியால் தேய்த்தேன். நாலு இடத்தில் ஓட்டை. லாம்பெண்ணெய் டின்னை வெட்டி, ரிவெட் ஆணியடித்து இறுக்கினேன். மேலே சிவப்பு ஈயச் சாயம். அது காய்ந்த பிறகு, கை போகாத மூலைகளுக்கெல்லாம் பழைய எஞ்சின் எண்ணெயில் கிரீஸைக் கரைத்து ஊற்றினேன். கண்டியில் இப்படி ஒரு வேலையை இன்னொருவன் செய்து காட்டட்டும், பார்க்கிறேன்.

கங்காணி வந்தார். கோட்டும் வேட்டியும், கக்கத்தில் குடை. காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மஹ்மூத் பின்னாலேயே போனான். "மொகம் தெரியுது பாத்தீங்களா கங்காணியார், கண்ணாடி!"

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் முதுகு ஒடிந்தது முகம் பார்க்கவா? "மேல என்னத்த பாக்குறீங்க? உள்ளுக்குப் பாருங்க" என்று பலகையைத் தூக்கினேன். "இந்த ஓட்டை நான் அடைச்சது. ரெண்டு விரல் போச்சுது. இப்ப ஊசி போகாது."

மஹ்மூத் என் காலை மிதித்தான்.

"ரெண்டு வெரல் போச்சுங்களா?" என்றார் கங்காணி.

"போச்சுது."

"வேற எங்கெங்க இருந்துச்சு முதலாளி?"

நாலையும் காட்டினேன். செய்த வேலையை மறைக்க நான் என்ன திருடனா? கங்காணி ஒவ்வொன்றையும் குடை நுனியால் தட்டிப் பார்த்தார்.

"ஓட்டை ஒண்ணுக்கு இருபது ரூபா கழிச்சிருங்க. நானூத்தி இருபது தாரேன்."

"அது அடைச்ச ஓட்டை கங்காணியார்!" மஹ்மூத் கிட்டத்தட்ட அழுதான்.

"அடைச்சதுனாலதாங்க இருபதோட விட்டேன். பிலிமத்தலாவையில ஒருத்தரு இதவிட மினுக்கான வண்டிய முந்நூறுக்குக் குடுக்குறேங்கிறாரு. பலகையத் தூக்குங்கன்னா கோவிச்சுக்கிறாரு. அது எனக்கு வேணாம்."

மஹ்மூத் என் காதைக் கடித்தான். "வாய மூடிட்டு நிண்டீந்தா எம்பது ரூபா மச்சான்!"

"நீ வாயத் தொறந்து வித்தீந்தா அவர் எப்பவோ போயீப்பாரு."

கதவுக்குப் பின்னாலிருந்து சித்தி றலியா சொன்னாள்: "சரி எண்டு சொல்லுங்க. இன்னம் பேசினா நானா அஞ்சாவது ஓட்டையத் தேடிக் காட்டுவாரு."

கங்காணி சிரித்தேவிட்டார். பத்து ரூபாய் நோட்டுகளாக நானூற்றி இருபதையும் மஹ்மூதிடம் கொடுத்துவிட்டு, காரில் ஏறிப் பார்க்கப் போனார். மஹ்மூத் நோட்டுகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் கையை விரித்து நீட்டினேன்.

எண்ணத் தொடங்கினான். முந்நூற்றித் தொண்ணூறு வரை ஒழுங்காக வந்தது. அடுத்த நோட்டை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, "பெருநாள் வருது மச்சான்..." என்று இழுத்தான்.

நான் கையை மடக்கவில்லை. அவன் ஒரு பெருமூச்சு விட்டு, அதையும் வைத்தான்.