தங்கையை அளந்தவர்

பல்கலைக்கழகத்தில் அவரைத் தராசு என்று கேட்டால்தான் தெரியும். நூலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்த அறையில், ஆய்வு மதிப்பீட்டுப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து விஞ்ஞானிகளை அளப்பது அவர் வேலை. விஞ்ஞானிகள் உலகத்தையே அளக்கிறார்கள், அவர்களை அளக்க ஒரு ஆள் வேண்டாமா என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

அளப்பது என்றால் வேறொன்றும் இல்லை. ஒருவர் எத்தனை கட்டுரை வெளியிட்டார், அவற்றை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ண வேண்டும். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் மருத்துவத்தில் ஆளும் அதிகம், கட்டுரையும் அதிகம். அங்கே சுமாரான ஒரு கட்டுரைக்குக்கூட மேற்கோள் வந்து குவியும். கணிதத்தில் பிரமாதமான கட்டுரையைக்கூட நாலு பேர்தான் எடுத்துச் சொல்வார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணிதக்காரர் வெட்டியாகச் சம்பளம் வாங்குகிறவர் போலத் தெரிவார். தராசு வருவதற்கு முன்னால் அப்படித்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்தான் ஒவ்வொருவரின் மேற்கோளையும் அவரவர் துறையின் சராசரியால் வகுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒன்றுக்கு மேலே வந்தால் தன் துறையில் அவர் தேறியவர். ஒன்றுக்குக் கீழே வந்தால் இல்லை. கணிதத் துறையில் அவருக்குச் சிலை வைக்காத குறை. மருத்துவத் துறையினர் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

வீட்டிலும் அதே புத்திதான். மகள் குறைந்த மதிப்பெண்ணோடு வந்து நின்றால், வகுப்பின் சராசரி என்ன என்றுதான் முதலில் கேட்பார். வினாத்தாள் கடினம், எல்லாருக்குமே குறைவு என்று தெரிந்தால் தட்டிக்கொடுப்பார். அதை மகள் தனக்குச் சாதகமாக நன்றாகவே பயன்படுத்திக்கொண்டாள். மனைவிக்குத்தான் எரிச்சல். "உங்க அளவுகோலையெல்லாம் செருப்போட வெளியிலேயே விட்டுட்டு வாங்க" என்பார்.

அவருக்கு ஒரே தங்கை. அதே பல்கலைக்கழகத்தில், விலங்கியல் கட்டடத்தின் பின்பக்கத்து அறையில், குளம் குட்டைகளில் வாழும் நத்தைகளை ஆராய்கிறவள். எந்த நத்தை எந்தக் குடும்பம், எது புது இனம் என்று பிரித்துப் பெயர் வைப்பது அவள் வேலை. கல்யாணம், காட்சி எதற்கும் பிடி கொடுக்காமல் நத்தைகளே கதி என்று இருந்துவிட்டாள். வேலை மட்டும் ஒப்பந்த வேலை. ஆண்டுதோறும் நீட்டிப்புக்குக் காத்திருந்தே தலை நரைத்துவிட்டது. இந்த முறை நிரந்தரப் பதவிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மதிப்பீட்டில் ஒன்றைத் தாண்டினால் பதவி. தாண்டாவிட்டால் ஒப்பந்தமும் முடியும், அறையும் போகும். வயது வரம்பு காரணமாக அவளுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது.

சொந்தக்காரர் கோப்பு வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது பிரிவின் வழக்கம். தராசும் தள்ளிவிட்டார். பக்கத்து மேசை அம்மாள் கறாரானவர், ஆனால் நியாயஸ்தர். தங்கையின் கட்டுரைகளில் பெரும்பாலானவை விலங்கியல் இதழ்களில் வந்தவை. ஆகவே விதிப்படி அவளை விலங்கியலில் வைத்து அளந்தார். ஒன்றைத் தாண்டி நன்றாகவே மேலே வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். முடிவுகளை உறுதிசெய்யும் கூட்டத்தில் தங்கையின் பெயர் வந்தபோது, குழுவில் இருந்த இயற்பியல் பேராசிரியர் விளையாட்டாக ஒரு வார்த்தை விட்டார். தராசு வீட்டு ஆளுங்கன்னா முள்ளு கொஞ்சம் சாயத்தானே செய்யும் என்றார். மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அதில் விஷமம் ஒன்றும் இல்லை. சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகத்தான் இருந்தார்கள். தராசுக்கோ காது மடல் சுட்டது. இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றிய பெயர் ஒரு சிரிப்பில் போய்விட்டதாகத் தோன்றியது.

அவர் எழுந்து நின்றார். நத்தையால் பரவும் நோயை ஆராய்கிற மருத்துவர்கள்தான் இவளுடைய கட்டுரைகளை அதிகம் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், இரண்டு கட்டுரை மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது, அதனால் மருத்துவத் துறையில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றார். பக்கத்து மேசை அம்மாள் மறுத்தார். வெறும் இரண்டு கட்டுரைக்காக ஒருவரைத் துறை மாற்றியதே கிடையாது, நீங்கள் எழுதிய விதியே அதற்கு இடம் கொடுக்காது என்றார். தராசு விடவில்லை. தன் தங்கை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றார். குழுவும் அவர் பேச்சைத் தட்டவில்லை. மருத்துவத்தின் சராசரியால் வகுத்ததும் தங்கையின் எண் ஒன்றில் பாதிக்கும் கீழே போய் விழுந்தது.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் அவர் தோளில் தட்டினார். இப்படி நாலு பேர் இருந்தால் போதும், இந்த இடம் உருப்பட்டுவிடும் என்றார். தராசு அன்றைக்குக் கால் தரையில் பாவாமல் மாடிப்படி இறங்கினார். தங்கையின் பிழைப்பு போனது அப்போது அவர் மனத்தில் ஓர் ஓரத்தில்கூட இல்லை. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

முடிவு வெளியான மாலையே தங்கை வீட்டுக்கு வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று அவர் பயந்தார். அவளோ மகளுக்குப் பிஸ்கட் பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். அண்ணி போட்ட தட்டில் நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு அவரைப் பார்த்து, "நீ சங்கடப்படாத அண்ணா. யாரோ அளந்திருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். உன் ஆபீஸ்ல அளந்து கம்மின்னு வந்தா கம்மிதான். நான்தான் இத்தனை வருஷமா என்னையே பெருசா நெனச்சிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

தராசுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. மேல்முறையீடு போடேன் என்று மனைவி சொன்னதற்குத் தங்கை தலையசைத்து மறுத்துவிட்டாள். அண்ணன் வேலையில் குறை சொல்லி மனு எழுத என் கை வராது என்றாள். தராசு குனிந்த தலை நிமிராமல் தட்டைக் கழுவப் போனார். வழக்கமாக அந்த வீட்டில் அவர் தட்டைக் கழுவுகிறவர் இல்லை. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அசிங்கம் அதோடு நிற்கவில்லை. சொந்தத் தங்கை என்றுகூடப் பார்க்காதவர் என்று பேச்சு பரவியது. தெரியாதவர்கள்கூட வணக்கம் வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்கு நடுநிலை பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று இயக்குநர் கூப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தராசு போனார். மேடையேறிப் பேசியும் விட்டார். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாது என்றார். அரங்கத்தில் கைதட்டல் எழுந்தபோதுதான், தான் எவ்வளவு கீழே இறங்கிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்து, நேராக விலங்கியல் கட்டடத்துக்கு நடந்தார்.

அறையில் பாதித் தொட்டிகள் காலியாக இருந்தன. தங்கை ஒரு டீ வடிகட்டியால் நத்தைகளை அள்ளி ஜாடிகளில் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம். மேல்முறையீட்டுக்கு நாளைதான் கடைசி நாள், போட்டுவிடு என்றார் தராசு. என்னவென்று போடுவது என்று அவள் திரும்பாமலே கேட்டாள்.

"துறை மாறிப்போச்சு. உன்னை விலங்கியல்ல வெச்சு அளந்திருக்கணும்."

வடிகட்டி அப்படியே நின்றது. ஒன்றைத் தவறான குடும்பத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மாறிப்போச்சா? யாராவது மாத்தினாங்களா?"

"நான்தான் மாத்தினேன்."

"தெரியாமலா?"

"இல்ல. தெரிஞ்சுதான்."

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். பேராசிரியரின் சிரிப்பு, பக்கத்து மேசை அம்மாளின் மறுப்பு, இயக்குநர் தோளில் தட்டியது, தட்டியபோது தனக்கு இனித்தது. கடைசியாக அன்றைய மேடைப் பேச்சையும் சொன்னார். வெட்கமாக இருக்கிறது, உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றார். அவள் ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

"அங்க எனக்கு யாருன்னே தெரியாத ஒருத்தர் உக்காந்திருந்தா எனக்கு நியாயம் கெடச்சிருக்கும். இல்ல?"

"ஆமா."

"எனக்குத்தான் தகுதி இல்லன்னு நெனச்சு நெனச்சு நான் குமுறிட்டு இருந்தேன். அது தெரிஞ்சும் நீ இன்னிக்கு மேடையேறிப் பேசியிருக்க."

போய்விடு என்று அவள் சொல்லவில்லை. ஆனால் மறுபடி வடிகட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தராசு இயக்குநரைப் பார்த்து நடந்ததைச் சொன்னார். இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதை வெளியே விட்டால் கெடுவது உங்கள் பெயர்தான், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்துத்தான் இவ்வளவும் வந்தது என்றார் தராசு. விதிப்படி மறுபடி அளக்க இயக்குநர் ஒப்புக்கொண்டார். ஆனால் தங்கையின் கையெழுத்தோடு மனு வர வேண்டும் என்றார். வழியில் எதிர்ப்பட்ட இயற்பியல் பேராசிரியர், அதற்குள் சேதி எட்டிவிட்டது போல, என்ன இருந்தாலும் அண்ணன் இல்லையா என்று சொல்லிக் கண்ணடித்தார். எந்தப் பேச்சுக்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ அதே பேச்சு. தராசுக்கு அது உறைக்கக்கூட இல்லை. அவருடைய கவலையெல்லாம் அவள் வருவாளா என்பதில் இருந்தது.

பிற்பகலில் வந்தாள். கையில் மனு இருந்தது. எப்போது இந்த மாடிக்கு வந்தாலும், யார் இருந்தாலும், வாசலிலிருந்தே அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறவள் அவள். இயக்குநர் எதிரிலேயே அப்படிக் கூப்பிட்டு எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறாள். தராசு அவசரமாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. நேராக அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், இந்த மனுவ யார்கிட்ட குடுக்கணும்?"

பக்கத்து மேசை அம்மாள் கையை நீட்டினார்.