சக்கரம் வைத்த குளிர்

மடிப்பு என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் யாரும் ஆளைக் காட்டிவிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். இருபத்தேழு வருடமாக ஒரே லாண்டரியில் இஸ்திரி போடுகிறவன். அவன் கை பட்ட பேன்ட்டின் மடிப்பு நாலு நாள் உடுத்தினாலும் கலையாது என்று ஒரு பேச்சு உண்டு. மனுஷன் அதிலே உச்சி குளிர்ந்துபோய், பட்டப்பெயரையே பெயராக வைத்துக்கொண்டான். உலகம் அவனுக்கு வேறு எதையும் பெரிதாக அள்ளிக் கொடுத்துவிடவில்லை, இதையாவது வைத்துக்கொள்ளட்டும்.

அவன் மனைவியும் அதே லாண்டரியில்தான் வேலை பார்த்தாள். அவன் கீழே, அவள் மேலே. துவைத்துப் பிழிந்த துணியெல்லாம் மொட்டைமாடிக்குப் போகும். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். காலையில் ஒரு ஈரத்துண்டைக் கொடியில் போடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பாள். மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்றால் காயும். இன்றைக்கு ஆகாது என்றால், முதலாளி மறுபேச்சுப் பேசாமல் வாடிக்கைக்காரர்களுக்குப் போன் போட்டு நாளைக்கு வரச் சொல்லிவிடுவார். வானிலை அறிக்கை கேட்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. முதலில் தடுக்கியது, பிறகு மரத்தது, பிறகு ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நரம்பின் மேலுறை அரித்துப்போகிற நோய் என்றார் டாக்டர். குணப்படுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். உடம்பில் சூடு ஏறினால் இந்தக் கால் ஓடாது. சூடு இறங்கினால் கொஞ்சம் திரும்பி வரும். அதை மடிப்பு கண்ணாலேயே பார்த்தான். ஆஸ்பத்திரியின் குளிர்ந்த வராந்தாவில் ஒரு மணிநேரம் காத்திருந்தவள், டாக்டர் கூப்பிட்டதும் அவன் கையைப் பிடிக்காமல் எழுந்து நடந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது வெளி கேட்டைத் தாண்டி வெயிலில் பத்தடி வைத்தாள். கால் இரண்டும் துவண்டுவிட்டன. ஆட்டோவுக்கு அவன் தூக்கிக்கொண்டுதான் போனான்.

அன்றிலிருந்து அவன் தலைக்குள் ஒரே எண்ணம்தான். வீடு குளிர்ந்தால் இவள் நடப்பாள்.

வீடோ மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி. பகல் பத்து மணிக்கே கூரை கொதிக்க ஆரம்பிக்கும். மனைவியின் தம்பி எலெக்ட்ரீஷியன். வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான், ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

"மாமா, இந்த லைன்ல ஏசி போட்டீங்கன்னா அக்காவுக்குக் குளிருதோ இல்லையோ, பில்டிங் மொத்தமும் இருட்டாயிடும். கூலர் வாங்குங்க. ஃபேன் இழுக்குற கரண்டுதான் இழுக்கும்."

வீட்டுக்காரரும் ஏசி என்ற சொல்லைக் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டவர். ஆகவே கூலர் என்று முடிவாயிற்று.

பெண் பார்க்கப் போனபோதுகூட மடிப்பு இத்தனை தடவை போனதில்லை. கடைக்கு நாலு தடவை போனான். தொட்டியில் எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கும், அது எத்தனை மணிநேரம் தாங்கும், பம்ப் கெட்டால் தனியாகக் கழற்றலாமா, சத்தம் எவ்வளவு, எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டான். ஒவ்வொன்றின் முதுகையும் திறந்து, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் 'பேட்' அட்டையைத் தடவிப் பார்த்தான். கடைப்பையனுக்கு முதல் தடவை இருந்த சிரிப்பு நாலாவது தடவை இல்லை. இருந்தாலும் பாவம், பொறுமையாகச் சொன்னான். பம்ப் தண்ணீரை மேலே ஏற்றி பேட்டை நனைக்கும். பின்பக்கம் இழுக்கிற காற்று ஈரமான பேட்டுக்குள் நுழையும்போது தண்ணீர் ஆவியாகி, சூட்டைக் கொண்டுபோய்விடும். ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். இது அத்தனையையும் ஏசி ஓடுகிற கடைக்குள் நின்று சொன்னான். அங்கே அட்டைப்பெட்டியிலிருந்துகூடக் குளிர்ந்த காற்றுதான் வந்திருக்கும்.

பெரிய தொட்டி வைத்த ஒன்று நல்ல வேகமாக ஊதியது. மடிப்பு அதை வேண்டாம் என்றான். அதற்குச் சக்கரம் இல்லை. அவன் தேர்ந்தெடுத்தது நாலு சக்கரம் வைத்த சின்னது. வயரையும் இரண்டு ஆள் நீளத்துக்கு இழுத்துக் கட்டச் சொன்னான். அவள் அறையில் இருந்தால் கூலர் அறையில், அவள் அடுப்படிக்கு நடந்தால் கூலரும் அடுப்படிக்கு. அவள் முன்னே நடக்க, தான் பின்னால் தள்ளிக்கொண்டே வருவதாக அவன் மனசுக்குள் ஒரு படம் போட்டு வைத்திருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றி, கடைப்பையன் சொன்ன பாடத்தைத் தானே கண்டுபிடித்தவன் போல அவளுக்கு ஒப்பித்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

நன்றாகத்தான் இருந்தது. அப்போது வறண்ட காற்று அடிக்கிற சமயம்; வெளியே போனால் உதடு வெடிக்கும். மறுநாள் சாயங்காலம் மடிப்பு வேலை முடிந்து வந்தபோது அவளே கதவைத் திறந்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் வாசலிலேயே நின்றான். மூன்று வருடமாகச் சமையல் அவனுடையது. அந்த ஏழு நாளும் அவனை அடுப்படிப் பக்கம் அண்டவே விடவில்லை. டீ, சாப்பாடு எல்லாம் அவளே கொண்டுவந்து வைத்தாள். மைத்துனனுக்குப் போன் போட்டு, உன் அக்கா ஓடுகிறாள் என்று கதை விட்டான். லாண்டரியில் அவன் வாய் ஓயவில்லை. கூலர் வாங்குவது எப்படி என்று கேட்காதவர்களுக்கும் பாடம் நடத்தினான்.

எட்டாம் நாள் காற்று மாறியது. வேர்வை காயாமல் கழுத்திலேயே நின்றது. அன்று சாயங்காலம் கதவு திறக்க நேரமாயிற்று. அதற்கு மறுநாள் அவன் சாவி போட்டுத் திறந்துகொள்ள வேண்டியிருந்தது. மடிப்பு பம்ப்பைச் சந்தேகப்பட்டான், கழற்றித் துடைத்து மாட்டினான். பேட்டைச் சந்தேகப்பட்டான், பிரஷ் போட்டுத் தேய்த்தான். தொட்டியில் ஐஸ் கட்டியைக் கொட்டினான். இந்த மும்முரத்தில் சமைக்க நேரமில்லை, சாப்பாட்டைக் கடையில் வாங்கிவந்தான். கடைசியாகத் தன் மூளையையும் காட்டினான்: குளிரெல்லாம் ஜன்னல் வழியாகத்தான் தப்பிப் போகிறது என்று கண்டுபிடித்து, இரண்டு ஜன்னலையும் சாத்தி இடுக்கில் துணி அடைத்தான். அறை நீராவி பிடித்த குளியலறை மாதிரி ஆனது. சாத்தட்டுமா என்று கேட்டதற்கெல்லாம் அவள் தலையாட்டினாள்.

மறுநாள் மதியம் லாண்டரியில் மாடியிலிருந்து பெட்ஷீட் கட்டு இறங்கி வந்தது. இப்போது மாடியைப் பார்த்துக்கொள்ளும் பெண் கட்டை மேஜையில் போட்டுவிட்டு, முகத்தைச் சுளித்தாள்.

"காலைல ஏழு மணிக்குப் போட்டதுண்ணே. இன்னும் பிழியலாம் போல இருக்கு. முதலாளி தேச்சுக் காய வைக்கச் சொல்றாரு."

மடிப்பு உள்ளங்கையை ஷீட்டின் மேல் வைத்தான். சில்லென்று இல்லை. ஈரமாக, கதகதப்பாக, ஒருவிதப் பிசுபிசுப்போடு இருந்தது. எத்தனையோ வருடமாக அந்த ஈரம் அவன் கைக்குத் தெரியும். காற்றே தண்ணீர் குடித்து வயிறு முட்டிக் கிடக்கிற நாளில் துணியிலிருந்து எதுவும் வெளியே போகாது. இஸ்திரிப்பெட்டியைத் தூக்கியவன் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். ஷீட்டை விட்டுப் போகாத தண்ணீர் பேட்டை விட்டு மட்டும் எப்படிப் போகும்? போகாவிட்டால் எப்படிக் குளிரும்? இருபத்தேழு வருடம் ஈரத்தோடு பிழைப்பு நடத்தியவன், கடைப்பையனிடம் பம்ப்பையும் சக்கரத்தையும் விசாரித்தானே ஒழிய, எந்தக் காற்றில் இது ஓடும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. இந்த ஈரக்காற்று வந்தால் எட்டு மாதத்துக்குப் போகாது.

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்கு நடந்தான்.

அவள் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எப்படிக் கட்டிலிலிருந்து இறங்கினாள் என்று அவன் கேட்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. கூலர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"நிறுத்திடுங்க," என்றாள். "வெறும் ஈரத்தைத்தான் ஊதுது."

நிறுத்தினான். இடுக்கில் அடைத்த துணியை உருவி ஜன்னலைத் திறந்தான். வெளியிலிருந்தும் அதே ஈரம்தான் வந்தது. லாண்டரியில் தனக்குப் புரிந்ததைத் திக்கித் திணறிச் சொல்ல ஆரம்பித்தான். பாதியிலேயே அவள் முகத்தைப் பார்த்தான். இவள் கொடியில் பிடித்துப் பார்க்காத ஈரமா? சட்டென்று உறைத்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க தண்ணி ஊத்திட்டு விளக்கம் சொன்னீங்கல்ல, அப்பவே தெரியும். காத்து மாற ஒரு வாரம் இருக்குன்னும் தெரியும்."

"சொல்லியிருந்தா அன்னிக்கே திருப்பிக் குடுத்திருப்பேன்ல."

"அதான் சொல்லல. எனக்கு அந்த ஒரு வாரம் வேண்டியிருந்துச்சு."

அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அடுத்த வருஷமும் வறண்ட காற்று வரும், அதுவரை பத்திரமாக மூடி வைக்கிறேன் என்றான். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னான்.

"காத்து வரும்," என்றாள் அவள். "கால் அதுவரைக்கும் இருக்கணும்ல. போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லைங்க. எனக்குத் தெரியாதா?"

டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார். அந்தப் பாதியை மட்டும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தான். சிராய்ப்பைத் துடைத்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் டீ போடுகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனான்.

டீத்தூளுக்காக மேல்தட்டில் கையை விட்டான். வெறும் பலகை தட்டுப்பட்டது. அடுத்த தட்டிலும் ஒன்றுமில்லை. மூன்று தட்டும் சுத்தமாகத் துடைத்து வெறுமனே கிடந்தன. டப்பாக்கள், தட்டு, டம்ளர், தினம் புழங்குகிற பாத்திரம் எல்லாம் கீழே, சுவரை ஒட்டித் தரையில் வரிசையாக இருந்தன. அடிக்கடி எடுப்பது முன்னால், எப்போதாவது எடுப்பது பின்னால். தண்ணீர்ப் பானையையும் கீழே இறக்கி, அதன் பக்கத்தில் ஒரு பழைய மெத்தைத் துண்டை மடித்துப் போட்டிருந்தாள். உட்கார்ந்து நகர்கிற ஒருத்தியின் கைக்கு எட்டாதது அங்கே ஒன்றுகூட இல்லை.

"அந்த ஒரு வாரத்துல எல்லாத்தையும் கீழ வச்சிட்டேன்," என்று அறையிலிருந்து அவள் குரல் வந்தது. "மாத்தி வச்சிடாதீங்க."

அவன் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டி டீத்தூள் டப்பாவை எடுத்தான். உட்கார்ந்த வாக்கிலேயே அழுதான்.