தொண்ணூறு என்று சொன்னேன்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பேருந்தில் நான் கண்டக்டர். மீசை கறுப்பாக இருந்த காலத்தில் ஏறியவன், இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது, சாலை மட்டும் அதேதான். ஊர் சுற்றுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நான் எங்கே ஊர் சுற்றினேன்? இரண்டு பஸ் ஸ்டாண்டைத்தான் சுற்றினேன்.

எனக்கு வாய் அதிகம். வண்டி கிளம்புவதற்குள் தொண்டை கிழியக் கத்தி, சின்ன வெங்காய மூட்டைகளைக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளி, படியில் தொங்கும் கல்லூரிப் பையன்களை உள்ளே அனுப்பி, இடையில் நாலு பேரிடமாவது சண்டை போட்டிருப்பேன். வீட்டிலும் அதே கதைதான். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சும்மா வைத்துக்கொண்டும் இருக்கமாட்டேன். என் மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். குன்னத்துப் பக்கம் எங்கள் தெருவில், நாங்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டோம் என்பது பக்கத்து வீடுகளுக்குச் சத்தத்திலேயே தெரியும்.

அந்த வாய் ஒரு மழைக்காலத்தில் மூடிக்கொண்டது. ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. யாரும் சாகவில்லை, எதுவும் கைவிட்டுப் போகவில்லை. மகளைத் திருச்சியில் கல்லூரியில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டிருந்தோம், அதுவும் சந்தோஷமான விஷயம்தான். ஆனாலும் காலையில் கண் விழித்தால் நெஞ்சின் மேல் ஒரு மூட்டையை ஏற்றி வைத்தது போல் இருந்தது. தூக்கம் விட்டுப் போயிற்று. தட்டு வைத்தால் சாப்பிட்டேன், வைக்காவிட்டால் கேட்கவில்லை. இருந்தென்ன, போயென்ன என்று ஒரு நினைப்பு வந்தது. டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆளைப் போல, எந்த ஊர் வந்தாலும் அது இறங்கவே இல்லை.

ஆனால் வேலைக்கு மட்டம் போடவில்லை. அதில் எனக்கு ஒரு வீம்பு. பையை மாட்டினேன், டிக்கெட் கிழித்தேன், மீதிச் சில்லறை கொடுத்தேன். ஊர்ப் பெயரைக் கூவுவது மட்டும் நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. உடையார்பாளையத்துக்காரம்மா ஒருத்தி, முந்திரிப் பையோடு அடிக்கடி ஏறுகிறவள், "என்னா கண்டக்டரே, மவுன விரதமா? எந்தச் சாமிக்கு?" என்று கேட்டாள். சிரிக்க வேண்டிய இடம் என்று புரிந்தது. முகம் அசையவில்லை.

டிரைவர் இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அரியலூர், அரியலூர், ஏறுங்க ஏறுங்க" என்று அவரே கூவினார். நான் திரும்பிப் பார்த்தேன். "தொண்ட அரிக்குதுப்பா, சும்மா கத்திப் பாக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு அவருக்குத் தினமும் தொண்டை அரித்தது. என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை, முதலாளி காதுக்கும் விஷயம் போகவில்லை. அந்த மனிதருக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல.

என் மனைவிதான் டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "அத டாக்டர் சொல்லட்டும்" என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஓர் இளம்பெண் கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொள்வாள். நோய் என்ன என்று கண்டுபிடிக்கும் கேள்விகள் இல்லை அவை. நோயோடு மனுஷன் எப்படி நாளை ஓட்டுகிறான் என்று அளக்கும் கேள்விகள். நடக்கச் சிரமமா, குளிக்க, துணி உடுத்தச் சிரமமா, வழக்கமான வேலையைச் செய்ய முடிகிறதா, வலி உண்டா, கவலை உண்டா, மனச்சோர்வு உண்டா. எல்லாவற்றுக்கும் சிரமமில்லை, இல்லை, உண்டு என்றால் கொஞ்சம்தான் என்று மளமளவென்று சொல்லி முடித்தேன். கடைசியாக ஒரு தாளை நீட்டினாள். அதில் காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி ஒரு கோடு நின்றது. அடியில் பூஜ்யம், உச்சியில் நூறு.

"இன்னைக்கு ஒங்க ஒடம்பு, மனசு எல்லாம் சேத்து எப்படி இருக்குன்னு இதுல தொட்டுக் காட்டுங்கண்ணா."

தொண்ணூறைத் தொட்டேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் எப்படி இருக்கீங்க என்று கேட்டால் அது கேள்வியே இல்லை. நல்லாருக்கேன், நீங்க நல்லாருக்கீங்களா, வூட்டுல எல்லாரும் சவுக்கியமா என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. காலில் மாவுக்கட்டு போட்டவனும் நல்லாருக்கேன் என்றுதான் சொல்வான். ஒரு பெண்பிள்ளை மரியாதையாக விசாரிக்கும்போது முப்பது, நாற்பது என்று சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் சோறு வேகவில்லை என்று சொல்வதைப் போல. நூறு என்றால் பீற்றிக்கொள்வதாகிவிடும் என்று பத்தைக் குறைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்துக்கே முக்கியவன் நான். தொண்ணூறு வாங்கிய பெருமையில் எழுந்தபோது, "நீங்க நல்லாருக்கீங்களாம்மா?" என்றும் கேட்டுவிட்டு வந்தேன்.

மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை போனபோதும் தொண்ணூறுதான். டாக்டர் தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இது சொல்றதும் ஒங்க மூஞ்சி சொல்றதும் ஒத்துப் போகலையே. மாத்திரய நிறுத்தலாமா, கூட்டணுமா? நீங்க சொல்றத வச்சுதான் நான் முடிவு பண்ண முடியும்" என்றார்.

"நிறுத்திடலாம் சார். நல்லாத்தான் இருக்கேன்."

எனக்குப் பின்னால் நின்ற மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நிறுத்திடாதீங்க சார். இவரு எங்கிட்ட சண்ட போட்டு எத்தன நாளாச்சு தெரியுமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "சண்ட போட்டா நல்லதாம்மா?"

"இவருக்கு அதான் சார் நல்லது. என்னா வச்சாலும் தின்னுட்டு எந்திரிச்சுப் போறாரு. இவரு வேலைக்குப் போனா, திரும்பி வூட்டுக்கு வரவரைக்கும் எனக்கு உசுரு கையில இல்ல சார்."

அவள் பயந்துகொண்டிருக்கிறாள் என்பது அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. டாக்டர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்கச் சொன்னார். இந்த முறை அவள் தாளை ஓரமாக வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் சேதி விசாரிக்க வந்த சொந்தக்காரி இல்ல. நல்லாருக்கேன்னு நீங்க சொன்னா எனக்கு சந்தோஷம்தான், ஆனா ஒங்களுக்கு அதால பிரயோஜனம் இல்ல. வேலைக்குப் போறீங்களான்னு நான் கேக்கல. வேல பாக்கறது எப்படி இருக்குன்னு கேக்கறேன்."

கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். வெளியே ஆட்கள் வரிசையில் இருந்தார்கள், அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"ஊரு பேரக் கூவ முடியலம்மா" என்றேன்.

அதைச் சொன்னதும் மற்றதெல்லாம் வந்துவிட்டது. தூக்கம், நெஞ்சில் உட்கார்ந்த மூட்டை, இறங்காத அந்த நினைப்பு, எல்லாம். மறுபடி அந்தக் கோட்டை நீட்டினாள். என் விரல் தொண்ணூறிலிருந்து கீழே கீழே போய் முப்பதையும் தாண்டி நின்றது. விரலை எடுக்காமலே அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை, ஆறுதலாக இருந்தது. எப்படி இருக்கீங்க என்று என்னை ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். பதில் வரும்வரை காத்திருந்தவள் அவள்தான். அவள் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும்.

மாத்திரையை மாற்றினார்கள். உட்கார வைத்துப் பேசினார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் என் மனைவியிடம், "வூட்டுல நீங்களும் கவனிச்சுக்கிட்டே இருங்கக்கா. முன்ன செஞ்சதுல எதையாச்சும் திரும்பச் செய்யறாரான்னு பாருங்க" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் விரல் கோட்டில் கொஞ்சம் ஏறும், சில முறை இறங்கும். இறங்கினாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. தூக்கம் மெல்ல வந்தது. ஸ்டாண்டில் ஒரு நாள் என் வாயிலிருந்து "அரியலூர்" என்று பாதிச் சத்தத்தில் ஒரு கூவல் வந்தது. டிரைவர் அன்று தேநீரோடு எனக்கு ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தார், காரணம் சொல்லவில்லை.

மக்காச்சோளத்தை ரோட்டோரம் காயப் போடும் காலம். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

"இந்தா, என்னா குழம்பு இது? உப்பே இல்ல. புத்திய எங்க வச்சுக்கிட்டு சமைச்ச?"

அவளிடமிருந்து இரண்டு மடங்கு திரும்பி வரும் என்று எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், தட்டில் கையை வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, சும்மாத்தான் சொன்னேன்."

"சொல்லுங்க. இன்னும் நாலு வார்த்த சொல்லுங்க."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் கவனிக்கச் சொன்ன நாளிலிருந்து, நான் வீட்டில் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் குழம்பில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்திருக்கிறேன். அவர்கள் அங்கே கோட்டில் அளந்தார்கள். இவள் இங்கே குழம்பில் அளந்திருக்கிறாள்.

"அப்ப நீ என்னா தின்ன? ஒனக்குத் தனியா உப்புப் போட்டு எடுத்து வச்சுக்கிட்டியா?"

"தனியா எப்படித் திங்கறது? நீங்க தின்னததான் நானும் தின்னேன்."

அவள் எழுவதற்குள் நானே அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் தேடி எடுத்து வந்தேன். முதலில் அவள் தட்டில் போட்டேன், கண் கலங்கியிருந்ததால் எவ்வளவு போட்டேன் என்று தெரியவில்லை. பிசைந்து ஒரு வாய் வைத்தவள், உப்பு கரிக்கிறது, வாயில் வைக்க முடியவில்லை என்று என்னைத் திட்ட ஆரம்பித்தாள்.