இடது பக்கமே விழுகிற முத்துவீரன்

விழுந்ததும் முத்துவீரன் முதலில் செய்கிற காரியம், தரையில் எதையோ தேடுவது. மோட்டார் சைக்கிள் ஒருபுறம் கிடக்க, பக்கத்தில் குந்திக்கொண்டு, "சின்ன ஜெட் ஒன்னு விழுந்துருச்சு, அதான் எறங்குனேன்" என்பார். கேஸ் குக்கர் அடுப்பு திருத்துகிறவர், கேஸ் வரும் அந்தப் பொடித் துளைத் துண்டுகளைப் பையிலேயே வைத்திருப்பவர் என்பதால் யாரும் மறுத்துப் பேச முடியாது. உக்குவளையில் கடை வைத்திருக்கும் ஹாஷிம் ஒருநாள் இதை நம்பி, சாமான் வாங்க வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து கால் மணி நேரம் புழுதியைக் கிளறினார். கடைசியில் பாவம் பார்த்து, முத்துவீரனே சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெட்டை எடுத்து நைசாக மண்ணில் போட்டு, "இந்தா, கெடச்சிருச்சு" என்றார்.

வேகமாக ஓட்டி விழுகிற ஆள் இல்லை அவர். மழையில் விழமாட்டார், மாத்தளை டவுன் நெரிசலில் விழமாட்டார். நிறுத்தும்போதுதான் விழுவார், அதுவும் இடது பக்கமே. ரயில் கேட் மூடியிருக்கும். முன்னும் பின்னும் பஸ்ஸும் த்ரீவீலும் நிற்கும். வண்டி மெல்லச் சாயும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூன்று விநாடி தாங்கிப் பார்ப்பார், பிறகு 'சரி, போ' என்று விட்டுவிடுவார். ஓடும்போது விழுந்தவனை ஊர் ஓடிவந்து தூக்கும். நின்ற இடத்தில் விழுந்தவனைப் பார்த்து முதலில் சிரித்து முடிக்கும், அப்புறம்தான் தூக்கும். ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தச் சிரிப்புக்கு அவர் கூசிப்போகிறார்.

ஆள் குள்ளம், வண்டி உயரம் என்று ஊர் காரணம் சொல்கிறது. ஆனால் இதே வண்டியைப் பதினொரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர்தான். அப்போது பின்னால் சந்திரகாந்தா இருந்தாள். ஆண்கள் இல்லாத நேரத்தில் அடுத்தவர் வீட்டுக் குசினிக்குள் நுழைவது சங்கடம் என்பதால், மனைவியையும் ஏற்றிக்கொண்டே வேலைக்குப் போவார். புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து, இடது பின் ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து வருவாள். வண்டி நிற்கும் முன்பே இடது பக்கம் லேசாகக் குதித்து, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ம், காலை வைங்க" என்பாள். அந்த "ம்" கேட்ட பிறகுதான் இவர் கால் தரைக்கு வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் வீட்டு வேலைக்குக் குவைத் போய்விட்டாள். மகள் கிருஷாந்தினி மட்டக்களப்பில் கெம்பஸ் படிக்கிறாள், முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. ஊரில் பாதிக் குசினிகளுக்கு அடுப்பை எரியவைத்துக் கொடுக்கிறவர், வீட்டுக்கு வந்து பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். ஒற்றை ஆளுக்கு அடுப்புப் பற்றவைக்க மனம் வருவதில்லை. வண்டியை நிறுத்தும்போது காது இன்னும் அந்த "ம்"முக்காகக் காத்திருக்கிறது. அது வருவதற்குள் வண்டி சாய்ந்துவிடுகிறது.

பின் ஃபுட்ரெஸ்டை மடக்கி வைக்கச் சொல்லி ஹாஷிம் பலமுறை சொல்லிவிட்டார். ஆள் ஏறாத சீட்டுக்கு அது எதற்கு, போகிற வருகிறவர் காலில்தான் இடிக்கிறது என்பது அவர் கட்சி. முத்துவீரன் தலையாட்டுவார், மடக்கமாட்டார்.

விமான நிலையத்தில் சந்திரகாந்தா ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். "விழுந்தா மறைக்காம சொல்லணும். ஒரு தரம் விழுந்தீங்கன்னாலும் எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருவேன்." சும்மா சொல்கிறவள் இல்லை. ஆக, அவளை வரவழைக்க இவர் வாயில் ஒரு வார்த்தை இருக்கிறது. இரண்டு வருடமாக அதை விழுங்கிக்கொண்டு இருக்கிறார்.

போன வாரம் நூருன்னிஸா வீட்டு கேட்டுக்கு முன்னால் விழுந்தார். பழைய வாடிக்கைக்காரி, சந்திரகாந்தாவுக்கு வேண்டியவள். இந்தத் தடவை ஜெட் தேட வழியில்லை, இடது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நூருன்னிஸா ஓடிவரும்போதே அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. நேரம் பின்னேரம் நாலரை. குவைத்தில் அப்போது மதியம் இரண்டு, எசமானி தூங்கும் நேரம், தினமும் சந்திரகாந்தா பேசும் நேரம். வாயில் விரலை வைத்து நூருன்னிஸாவுக்குக் காட்டிவிட்டு, கிடந்தபடியே எடுத்தார்.

"என்னாங்க, மூச்சு வாங்குது? விழுந்தீங்களா?"

பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டது. முத்துவீரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"விழலியே புள்ள. நூருன்னிஸா ராத்தா வூட்டு வாசல்லதான் இருக்கேன்."

சாப்பிட்டாரா, மகள் பேசினாளா என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அவள் வைத்தாள். நூருன்னிஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் சொல்லவா தம்பி? ஒரு வார்த்தை போதும், அவ வந்துருவா."

"வந்துருவா ராத்தா. அதான் சொல்லிறாதீங்க. மகளோட படிப்பு பாதில நின்னு போயிரும்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கை கொடுத்தாள், இருவருமாக வண்டியை நிமிர்த்தினார்கள். கண்ணாடி திரும்பியிருந்தது, கிளட்ச் பிடி வளைந்திருந்தது. அவர் முழங்காலில் ரத்தம். அதையெல்லாம் முத்துவீரன் பார்க்கவில்லை. விழுந்த வேகத்தில் இடது பக்கத்துப் பின் ஃபுட்ரெஸ்ட் மடங்கிப் போயிருந்தது. குனிந்து, அதைக் கையால் கீழே திருப்பி, ஒட்டியிருந்த சேற்றைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டார்.